வார்டன் வரவில்லை என்றாள்

காலை ஆறு நாற்பதுக்குத் தம்பி திரைச்சீலையை இழுத்தான்.

அறையில் நான்கு கட்டில்கள். மூன்று நிரந்தரமானவை. நான்காவது, ராத்திரி விரித்துக் காலையில் மடிக்கிற இரும்புக் கட்டில். அதில் தம்பி படுத்தான். மற்றவற்றில் அவன் மனைவி, மகள், அக்கா. அக்காவைக் குடும்பத்தில் எல்லோரும் வார்டன் என்றார்கள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்குகிற விடுதியில் அவள் இருபத்தாறு வருடமாக வார்டன். பேர் சொல்லிக் கூப்பிடுகிற வயதுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்த பிறகு அதுவே பேராகிவிட்டது.

தம்பி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். விமானம் ஏறி வெளிநாட்டுக்கு வந்தவன் டிப்போவையும் கூடவே கட்டி எடுத்து வந்திருந்தான். குளியலறையில் யாராவது கொஞ்சம் அதிகம் இருந்துவிட்டால் கதவைத் தட்டி, வண்டி எடுத்தாச்சு என்பான். முதல் நாள் எல்லோரும் சிரித்தார்கள்.

இன்று கடைசி நாள். ராத்திரி விமானம். அதற்குள் ரோப் காரில் மலையுச்சி, பிறகு ஒரு மியூசியம், நேரம் மிஞ்சினால் கடைத்தெரு.

எழுந்திருக்க யாருக்கும் மனம் வரவில்லை. தம்பி மனைவி கண்ணைத் திறக்காமலே கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். மகள், எல்லோருக்கும் குட்டி, தலையணையை முகத்தில் கவிழ்த்துக்கொண்டாள். நாற்காலி முதுகில் ஈரத் துண்டுகள், காயாத காலுறைகள். பெட்டிகளுக்கு நடுவே கால் வைக்க இடம் பார்த்து நடக்க வேண்டும்.

வார்டன் எழுந்து உட்கார்ந்தாள். சில நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நான் இன்னிக்கு வரலைடா. நீங்க போயிட்டு வாங்க. நான் ரூம்லயே இருக்கேன்."

தம்பி திரைச்சீலையின் கயிற்றைப் பிடித்தபடி நின்றான்.

மதியம் அறையைக் காலி செய்ய வேண்டுமே என்றான். அதையும் அவள் யோசித்து வைத்திருந்தாள். மதியம்வரை மேலே இருப்பாள். பிறகு பெட்டிகளோடு கீழே வரவேற்பில் உட்கார்ந்துகொள்வாள். அவர்கள் நிதானமாகச் சுற்றிவிட்டு வரலாம்.

அவளுக்கு வேண்டியிருந்தது அந்தக் காலை நேரம் மட்டும். பயணத்தின் ஆரம்பத்தில் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு, எல்லோரையும் கீழே நிற்கவைத்துவிட்டு, மேலே வந்தாள். பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. கண்ணாடியை எடுத்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். யாரும் பேசவில்லை. யாரும் பேசப்போவதுமில்லை. கீழேயிருந்து தம்பி ஃபோன் அடிக்கும்வரை அப்படியே இருந்தாள். அவள் பிறந்தது இரண்டு அறையில் ஏழு பேர் இருந்த வீட்டில். பிறகு விடுதி. வார்டன் அறைக் கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. வயிற்று வலி என்று ஒருத்தி வந்து எழுப்புவாள். அவளைத் தூங்கவைத்துவிட்டு வந்தால், அவன் பேசமாட்டேன் என்கிறான் என்று இன்னொருத்தி கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள். லீவு நாளில் தம்பி வீடு. அங்கே ஹாலில், குட்டியோடு. தான் மட்டும் இருக்கிற ஓர் அறை எப்படி இருக்கும் என்பது ஐம்பத்தெட்டு வயதில், கண்ணாடியை எடுக்க வந்தபோதுதான் தெரிந்தது. அது போதவில்லை.

தம்பி மனைவி இதற்குள் எழுந்து வந்துவிட்டாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. கைப்பையில் பாதிக் கடை இருந்தது. தெர்மாமீட்டரை வார்டன் வாயில் வைத்தாள். ஜுரம் இல்லை. நாடி பிடித்துப் பார்த்தாள். வயிறு எப்படி என்று விசாரித்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைம்மா," என்றாள் வார்டன்.

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. தம்பியும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இந்தக் குடும்பத்தில் யாரும் கோபப்படுவதில்லை. வேண்டாம் என்பார்கள். சாப்பாடு வேண்டாம், புதுத்துணி வேண்டாம், நான் வரவில்லை, நீங்கள் போய்விட்டு வாருங்கள். ஏன் என்று கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை. என்ன தப்பு நடந்தது என்பதை மற்றவர்கள்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துச் சொன்னாலும் ஆமாம் என்ற பதில் வராது. வேண்டாம் என்றவர் எழுந்து வந்து சாப்பிடுவார். அதுதான் ஆமாம். அப்பா அப்படி. தம்பி அப்படி. வார்டன் எல்லோருக்கும் மேல். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டான் என்பதற்காக ஒரு கோடை முழுக்க அவன் வீட்டில் குழாய்த் தண்ணீரைக் குடித்தாள். ஐஸ் தண்ணி எனக்கு ஒத்துக்காது என்பதற்கு மேல் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. மழை பிடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தான்.

தம்பி மனைவி வெளியிலிருந்து வந்தவள். ஆனால் டாக்டர்களின் கிறுக்கலையெல்லாம் படித்துப் பழகியவள். இந்தப் பாஷையும் அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

முதலில் அவள்தான் வந்தாள். பல் தேய்த்துக்கொண்டிருந்த வார்டனுக்குப் பின்னால் குளியலறை வாசலில் நின்று, நேற்று கொடியில் கிடந்த அண்ணியின் துணியை நகர்த்தியது வேண்டுமென்று செய்ததில்லை என்றாள். இடமில்லை, அதனால்தான். வார்டன் துணி நகர்ந்ததையே கவனித்திருக்கவில்லை. வாயில் நுரையோடு தலையாட்டினாள். தலையாட்டியது போதவில்லை என்பது தம்பி மனைவியின் முகத்தில் தெரிந்தது.

அடுத்து தம்பி. முந்தாநாள் படகில் கைடிடம், அக்காவுக்கு வயசாயிடுச்சு, மெதுவா நடங்க என்று தான் சொன்னது நல்ல எண்ணத்தில்தான் என்றான். உன்னைக் கிழவி என்று சொல்வேனா என்றான். கைடு அன்று மெதுவாக நடந்தது வார்டனுக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது.

குட்டி கடைசியாக வந்து கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அத்தை, அதை அழிச்சுட்டேன்."

"எதை?"

குட்டிக்கு முகம் சிவந்தது. அத்தையின் குறட்டையை ஃபோனில் பதிவு செய்து இரண்டு சிநேகிதிகளுக்கு மட்டும் அனுப்பியிருந்தாள். இரண்டே பேர். அவர்களும் அழித்துவிட்டார்கள். தான் குறட்டை விடுகிறோம் என்பது வார்டனுக்கு அதுவரை தெரியாது. விடுதியில் ஒருத்தியும் சொன்னதில்லை.

மூவரும் காத்திருந்தார்கள். இனி நேராகச் சொல்லிவிடுவது நல்லது என்று வார்டன் நினைத்தாள்.

"எனக்கு யார் மேலயும் வருத்தமில்லை. கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்போல இருக்கு. அவ்வளவுதான்."

தம்பி குனிந்து, அப்போதுதான் மாட்டிய ஷூவைக் கழற்றினான். யாரும் போகவில்லை என்றான். அக்காவை இந்த நிலைமையில் விட்டுவிட்டு மலையைப் பார்த்து என்ன கிழிக்கப்போகிறோம் என்றான். மனைவி தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு காலை நீட்டினாள். குட்டி டிவியைப் போட்டாள். புரியாத மொழியில் ஒருவர் வானிலை சொன்னார். நாலு பேரும் பார்த்தார்கள். மேகம் வலமிருந்து இடமாக நகர்ந்தது.

தம்பி அவ்வப்போது திரும்பி வார்டனைப் பார்த்துச் சிரித்தான். காபி வேண்டுமா என்றான். ஜன்னலைத் திறக்கவா, மூடவா என்றான். அவளைத் தனியாக விட்டுவிடவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதில் குறியாக இருந்தான்.

வார்டன் எழுந்தாள்.

"சரி, வாங்க. போலாம்."

தம்பியின் முகம் தெளிந்தது. மூன்று மன்னிப்புகளில் எது பலித்தது என்று தெரியாமல் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் திருப்தியானார்கள். பேச்சில் நேரம் போய்விட்டது, மதியம் திரும்பி வர முடியாது என்று தம்பி பெட்டிகளைக் கட்டச் சொன்னான். கீழே பொருள் வைக்கும் அறையில் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். வார்டன் கடைசியாக வெளியே வந்தாள். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதையாவது மறந்துவிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். கதவைத் திறக்கிற சாவி அட்டையை வரவேற்பில் கொடுத்தார்கள். அங்கிருந்த பெண் அதை வாங்கி, இழுப்பறையில் நிறைய அட்டைகளோடு போட்டாள்.

*

ரோப் காருக்கு நீண்ட வரிசை. கம்பித் தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போயிற்று. முன்னால் நின்றவர்களின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயணத்துக்காக வாங்கிய ஷூ வார்டனின் சுண்டுவிரலைக் கடித்தது. குட்டி தடுப்பில் சாய்ந்து நின்றபடியே தூங்கினாள். அவளுடைய அம்மா வரிசை நகரும்போதெல்லாம் தோளைப் பிடித்து நகர்த்தினாள், பெட்டியை நகர்த்துகிற மாதிரி.

மேலே போகும் ரோப் கார் பெட்டிகள் நிற்பதில்லை. மெதுவாகத் தவழ்ந்து வரும்போதே ஏற வேண்டும். சீருடை போட்ட ஆள் வந்தவர்களைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தார். தம்பி மனைவியையும் குட்டியையும் முன்னால் இருந்த கூட்டத்தோடு சேர்த்து ஏற்றினார். பெட்டி நிறைந்தது. அடுத்த பெட்டி காலியாக வந்தது. வார்டனுக்குக் கைகாட்டினார். அவள் ஏறினாள். சுற்றிலும் கண்ணாடி, எதிரெதிராக இரண்டு பெஞ்சு. உட்கார்ந்தாள். பின்னால் நின்ற குடும்பம் ஒன்றாகப் போக வேண்டும் என்று அடுத்ததற்குக் காத்து நின்றது. கதவு மூடத் தொடங்கியது.

முன்னால் போன பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு நின்ற தம்பி, மூடுகிற கதவுக்கு நடுவே தோளைக் கொடுத்தான். சீருடைக்காரர் கத்தினார். தம்பி உள்ளே வந்து விழுந்தான்.

"தனியா அனுப்பிட்டுப் பார்த்துட்டு நிப்பேனா?" என்றான், மூச்சு வாங்க.

கதவு சாத்திக்கொண்டது. தரை கீழே போயிற்று. மரங்களின் உச்சி வந்தது, பிறகு மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்தது. தம்பி எதிர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் கையை ஊன்றினான். டிப்போவில் டிரைவர்களுக்கு லீவு இல்லை என்று சொல்வதற்கு முன் இப்படித்தான் உட்காருவான்.

"நேத்து ராத்திரி நாங்க பேசினது உன் காதுல விழுந்துடுச்சு. அதானே?"

நேற்று ராத்திரி அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். குறட்டை விட்டிருப்பாள்.

"எதுடா?"

எது என்று கேட்பதும் அந்தக் குடும்பத்தில் ஆமாம்தான். தம்பி தலையைத் தொங்கப்போட்டான்.

"அவ மனசுல கெட்டது கிடையாதுக்கா. ஏதோ வாய்ல வந்துடுச்சு. மொட்டை மாடியில உனக்கு ஒரு ரூம் கட்டிக் குடுத்துடலாம்னா. நான் அங்கேயே அடக்கிட்டேன். எங்க அக்காவைத் தூக்கி மாடியில போடறதுக்கு அவ என்ன பழைய சாமானான்னு கேட்டேன்."

வார்டன் இன்னும் இரண்டு மாதத்தில் ரிடையர் ஆகிறாள். விடுதியறையைக் காலி செய்ய வேண்டும். அதன் பிறகு தம்பி வீடு. இதை யாரும் யாரிடமும் கேட்டு முடிவு செய்ததில்லை. அப்படித்தான் என்று எல்லோரும் இருந்தார்கள், அவளும் இருந்தாள். தம்பி இப்போது எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். ஹாலில் ஷோகேஸ் பக்கத்தில் அவளுக்கு ஒரு கட்டில். அளவு எடுத்தாகிவிட்டது, ஊருக்குப் போனதும் ஆசாரியிடம் சொல்ல வேண்டியதுதான். குட்டியும் ஹாலிலேயே படிப்பாள், படுப்பாள். தானும் தினமும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். நீ தனியாகப் படுத்துப் பழக்கமில்லாதவள், மாடியில் பயந்துவிடுவாய் என்றான். ஒரு ராத்திரிகூட உன்னைத் தனியாக விடமாட்டேன் என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

வார்டன் பனியைப் பார்த்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. மாடியில் ஓர் அறை என்று ஒருத்தி நினைத்திருக்கிறாள். நினைத்ததோடு நிற்காமல் சொல்லியும் இருக்கிறாள். தான் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்த அறை வந்து, போயும் விட்டது.

"ரூம் எவ்வளவு பெரிசா வரும்?" என்று கேட்டாள்.

"பாத்தியா. இப்படிக் குத்திக் குத்தித்தான் பேசுவே."

"இல்லைடா. நிஜமாத்தான் கேக்கறேன்."

தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "விட்டுடுக்கா. நான்தான் முடிச்சு வச்சுட்டேனே."

பெட்டி ஒரு கம்பத்தைக் கடக்கும்போது குலுங்கியது. அவன் சட்டென்று எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை.

*

மலையுச்சியில் ஒன்றும் தெரியவில்லை. எந்தத் திசையில் எது இருக்கிறது என்று எழுதிய பலகைகள் இருந்தன. மக்கள் பலகைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அதிலும் ஒரு ஒழுங்கோடு ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் குடும்பத்தை நிறுத்தினான். பின்னால் வெள்ளையாக இருந்தது. வீட்டுச் சுவருக்கு முன்னால நின்னிருந்தா செலவு மிச்சம் என்றாள் குட்டி. தம்பி மனைவி சிரித்தாள். பிறகு அண்ணியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

தம்பி கழிவறை தேடிப் போன நேரத்தில் அவள் பெஞ்சில் வார்டனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வலிக் களிம்பை எடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல வார்டன் வாயெடுத்தாள், பிறகு காலை நீட்டினாள். தம்பி மனைவி ஷூவைக் கழற்றி, குனிந்து சுண்டுவிரலுக்குத் தடவினாள். குனிந்த முகத்தோடே பேசினாள்.

எல்லாவற்றையும் இவர் சொல்லிவிட்டாராமே என்றாள். தப்பு தன்மேல்தான் என்றாள். பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை, போன மாதம் கொத்தனாரைக் கூட்டி வந்து அளந்துகூடப் பார்த்துவிட்டாள். அது இவருக்குத் தெரியாது.

"பத்துக்குப் பன்னெண்டு," என்றாள். "வெளிப்பக்கப் படி ஏற்கெனவே இருக்கு."

"பாத்ரூம்?"

"உள்ளேயே."

தம்பி மனைவி நிமிர்ந்து பார்த்தாள். களிம்பு விரல் அந்தரத்தில் நின்றது. அண்ணி முகத்தில் எதையோ தேடினாள். மருந்துச் சீட்டில் அளவு ஐந்தா ஐம்பதா என்று பார்க்கிற பார்வை.

"உங்களுக்காக மட்டும்தான் நினைச்சேன்னு பொய் சொல்லமாட்டேன், அண்ணி. எனக்கும் ஹால் வேணும். குட்டிக்குப் பரீட்சை வருஷம். நாலு பேர் ஒரே இடத்துல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது. இந்தப் பத்து நாள்ல நல்லாத் தெரிஞ்சுடுச்சு."

இந்தக் குடும்பத்தில் யாரும் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி வார்டன் கேட்டதில்லை. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிடிக்காமல் இல்லை. இது வேறு.

"அப்ப கட்டேன்," என்றாள்.

தம்பி மனைவியின் முகம் வாடியது. ஷூவை அவள் காலில் திருப்பி மாட்டிவிட்டாள். இனிமேல் அந்தப் பேச்சை எடுக்கமாட்டேன் என்று ராத்திரியே இவரிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். தான் எடுத்தால், நாத்தனாரைத் துரத்துகிறாள் என்றாகிவிடும். ஊரே அதைத்தான் சொல்லும். சொல்ல வேண்டியது யார் என்று அவள் சொல்லவில்லை. களிம்பை மூடிப் பைக்குள் வைத்தாள்.

தம்பி வந்துகொண்டிருந்தான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, ஃபோனை உயர்த்தி ஒரு படம் எடுத்தான்.

*

மியூசியத்தில் நிழலும் பெஞ்சுகளும் இருந்தன. அதற்காகவே எல்லோருக்கும் பிடித்திருந்தது. பானைகளைப் பார்த்தார்கள். நாணயங்களைப் பார்த்தார்கள். குட்டி ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்தாள். எந்தப் பெஞ்சு நல்ல பெஞ்சு என்று அம்மாவுக்குச் சொன்னாள்.

தம்பி அக்காவின் முழங்கையை விடவில்லை. காலையில் மனம் நொந்தவளை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டுமோ அப்படிப் பார்த்துக்கொண்டான். படியில் இறங்கும்போது ஒரு படி முன்னால் இறங்கினான். தண்ணீரைத் திறந்து கையில் கொடுத்தான். அவள் கழிவறைக்குப் போனபோது குட்டியை வாசலில் நிறுத்தினான். உள்ளே தாளிட்டு உட்கார்ந்து வார்டன் கண்ணை மூடினாள். நல்ல குளிர்ச்சி. எங்கோ மெல்லத் தண்ணீர் சொட்டியது.

"அத்தை, இருக்கீங்களா?" என்றது குட்டியின் குரல். "அப்பா கேக்கச் சொன்னார்."

இருக்கிறேன் என்றாள்.

மேல்மாடியின் கடைசியில் ஓர் அறைக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், மேஜை, ஒரே ஒரு நாற்காலி. ஜன்னலில் சாம்பல் வெளிச்சம். மேஜைமேல் ஒரு விளக்கு. வார்டன் கயிற்றருகே நின்றாள். தம்பி சுவரில் பார்த்தான், வேறு ஏதாவது இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தான்.

"இதுக்கா கயிறு?" என்றான்.

குட்டி ஃபோனைப் பலகைக்கு நேராகப் பிடித்து மொழிபெயர்த்துப் படித்தாள். வரைபடம் வரைகிற ஒருவர் இருந்த அறை. முப்பது வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்தாராம். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. சமையல், துணி, எல்லாம் அவரே. யாரையும் உள்ளே விடமாட்டாராம்.

"பாவம்," என்றான் தம்பி.

மற்றவர்கள் நகர்ந்தார்கள். வார்டன் நகரவில்லை. கட்டிலில் விரிப்பு சுருக்கமில்லாமல் இருந்தது. நாற்காலி மேஜையிலிருந்து கொஞ்சம் விலகி, ஜன்னலைப் பார்த்து இருந்தது. இரண்டாவது நாற்காலி எங்கே இருந்திருக்கும் என்று தேடிப் பார்த்தாள். அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. தம்பி வந்து முழங்கையைப் பிடித்தான்.

கடைத்தெருவுக்கு நேரம் மிஞ்சியது, தெம்பு மிஞ்சவில்லை. யாரும் வருத்தப்படவில்லை. ஹோட்டலுக்குப் போய்ப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். வேனில் தம்பி தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்திருந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் பஸ்ஸில் அப்படித்தான் தூங்குவான். இறங்குமிடம் வந்ததும் அவள்தான் எழுப்ப வேண்டும். அவன் காய்ச்சலில் கிடந்தபோது அம்மாவைவிட அதிகம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவன் அவளுக்கு ஒரு குடை வாங்கி வந்தான். இப்படிப்பட்டவனிடம் எதையும் சொல்வது சுலபமில்லை. வேறு ஒருவன் என்றால் எழுந்து போய்விடலாம்.

ஊரில் இறங்கியதும் அவள் விடுதிக்குப் போய்விடுவாள். அவன் ஆசாரியைப் பார்க்கப் போவான். கட்டில் வந்து ஹாலில் உட்கார்ந்துவிட்டால் அதை யாரும் நகர்த்தப்போவதில்லை. அவளும் அதில் படுத்துக்கொள்வாள். எனக்கு ஒன்றுமில்லை என்பாள்.

*

விமான நிலையத்தில் நாற்காலிகள் வரிசையாகத் தரையோடு பொருத்தப்பட்டிருந்தன. தம்பி பெட்டிகளைச் சரிபார்த்தான், ஆட்களைச் சரிபார்த்தான். போய்க் காகிதக் கோப்பைகளில் காபி வாங்கி வந்தான். சூடாக இருந்தது. எல்லோரும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குட்டி அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். எங்கோ ஒரு குழந்தை விடாமல் அழுதது. அதை அதட்டுகிற தெம்பு அதன் பெற்றோருக்கும் இல்லை.

"உக்காருடா," என்றாள் வார்டன்.

அவன் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான்.

"காலையில நான் வரலைன்னது கோபத்துல இல்லை."

"சரிக்கா. அதான் முடிஞ்சு போச்சே."

"முடியலை. நேத்து நீங்க பேசினது என் காதுல விழவே இல்லை. நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "ஹால்ல கட்டில் வேண்டாம். மாடியில ரூம் கட்டு. பணம் நான் போடறேன். நான் அங்கே தனியா இருக்கணும். எனக்குப் பயமெல்லாம் கிடையாது."

தம்பி முதலில் மனைவியைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள் அவள், மடியில் தூங்குகிறவள் எழுந்துவிடாமல், மெதுவாக.

"அவ சொல்லலை," என்றாள் வார்டன். "நான் சொல்றேன். சாப்பாட்டுக்குக் கீழே வர்றேன். உன்கூடப் பேசணும்னா வர்றேன். மத்த நேரம் மேலே இருப்பேன். யாரும் வந்து இருக்கியான்னு கேக்க வேண்டாம்."

எதிரே கண்ணாடிக்கு வெளியே ஒரு விமானத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓடும் பட்டையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக மேலே போயின. தம்பி அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு தூரம் உன் மனசு விட்டுப்போச்சா," என்றான்.

"விட்டுப்போகலைடா."

"சரிக்கா. உன் இஷ்டம். எனக்கு ஒண்ணுமில்லை."

கையிலிருந்த காபியைத் தொடாமல் நாற்காலிக்கு அடியில் வைத்தான். காபி ஆறுகிறது என்றாள் அவன் மனைவி. எனக்கு வேண்டாம் என்றான். தலைவலிக்கு நல்லது, ஒரு வாயாவது என்றாள். வேண்டாம், நீங்க குடிங்க என்றான்.

தம்பி மனைவி வார்டனைப் பார்த்தாள். இனி என்ன நடக்க வேண்டும் என்பது மூவருக்கும் தெரியும். வார்டன் எழுந்து போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் ஏதோ அலுப்பில் சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். அவன் குனிந்து கோப்பையை எடுப்பான். கட்டில் ஹாலுக்கு வரும்.

ஒலிபெருக்கியில் வேறு ஏதோ விமானத்தைக் கூப்பிட்டார்கள். தம்பி மணியைப் பார்த்தான். அவர்களுடையது இல்லை. அக்கா பக்கம் அவன் முகத்தைத் திருப்பவில்லை.

வார்டன் எழுந்தாள். ஷூவுக்குள் சுண்டுவிரல் மரத்துப் போயிருந்தது. அவனுக்கு முன்னால் போய் நின்றாள். பக்கத்தில் உட்காரவில்லை.

"நிமிர்ந்து பாருடா," என்றாள். "நான் இப்ப என்ன சொன்னேன்? திருப்பிச் சொல்லு."